விருந்து வீட்டு வாசலில் மூத்த பிள்ளை



நம் கொங்கு நாட்டில் பிரசவத்துக்குப் பெண் தாய்வீடு செல்வது நெடுநாள் வழக்கம். அம்மாயி வீட்டில் பத்தியச் சாப்பாடும் எண்ணெய்க் குளியலும் முடிந்து, மூன்றாம் மாதத்திலோ ஐந்தாம் மாதத்திலோ தாயும் சேயும் கணவன் வீடு வந்து சேர்கிறார்கள். உத்தரத்தில் தூளி கட்டப்படுகிறது. அப்பாருவும் ஆத்தாவும் குழந்தையை மாறி மாறி மடியில் வைத்துக்கொள்கிறார்கள். உறவுகள் பழமும் ரொட்டியும் புதுச்சட்டையுமாக வருகிறார்கள். வந்தவர்கள் நேராகத் தூளியண்டைதான் போகிறார்கள். மூக்கு யாருடையது, முழி யாருடையது என்று பேச்சு நடக்கிறது. வீடே திருவிழாக் கோலம் கொள்கிறது.

அதே வீட்டில் மூன்று வயதில் அல்லது நான்கு வயதில் இன்னொரு பிள்ளையும் இருக்கிறது. போன வருடம்வரை அந்த வீட்டின் ஒரே செல்லம் அது. இப்போது கதவோரம் நிற்கிறது. வந்தவர்களில் யாராவது ஒருவர் அதன் பக்கம் திரும்பினாலும் சொல்வது இதுதான்: "உன்ற பாப்பாவ நாங்க தூக்கிட்டுப் போறோம் சாமி, நீ என்ன பண்ணுவ?" இன்னொருவர், "இனி அம்மா பாப்பாவுக்குத்தான், உனக்கு இல்ல போ!" என்கிறார். பெரியவர்கள் சிரிக்கிறார்கள். பிள்ளை சிரிப்பதில்லை. அதற்கு அது விளையாட்டு அல்ல, செய்தி.

இன்று நாம் சிந்திக்கவிருப்பது, புதுக் குழந்தை வந்த வீட்டில் யாருடைய கண்ணிலும் படாமல் போகிற இருவரைப் பற்றி. ஒருவர் அந்த மூத்த பிள்ளை. மற்றவர் பிள்ளை பெற்ற தாய்.

முதலில் மூத்த பிள்ளைக்குள் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். தம்பியோ தங்கையோ பிறந்த சில நாட்களில், படுக்கையை நனைக்கும் பழக்கத்தை விட்டிருந்த பிள்ளை மறுபடியும் நனைக்கிறது. டம்ளரில் பால் குடித்த பிள்ளை பால்புட்டி கேட்கிறது. தானாக நடந்த பிள்ளை தூக்கச் சொல்கிறது. அங்கன்வாடிக்கோ பள்ளிக்கோ சிரித்துக்கொண்டு போன பிள்ளை வாசலில் விழுந்து புரள்கிறது. யாரும் பார்க்காத நேரத்தில் பாப்பாவின் காலைக் கிள்ளிவிடுகிறது. உடனே வீட்டில் தீர்ப்பு வந்துவிடுகிறது: "பொறாமை பிடிச்சது", "அடம் அதிகமாயிருச்சு", "ரெண்டு வெச்சாத்தான் சரிப்படும்".

அன்புக்குரியவர்களே, இது கெட்ட குணம் அல்ல. மூன்று வயதுப் பிள்ளைக்குத் தன் மனத்தில் உள்ளதைச் சொல்ல வார்த்தை போதாது. 'எனக்கு இந்த வீட்டில் இன்னும் இடம் இருக்கிறதா?' என்ற கேள்வியை அது உடம்பால் கேட்கிறது. பாப்பா அழுதால் தூக்குகிறார்கள், பாப்பா நனைத்தால் கொஞ்சுகிறார்கள், பாப்பா புட்டியில் குடித்தால் கைதட்டுகிறார்கள். 'அப்படியானால் நானும் பாப்பாவாகிவிட்டால் என்னையும் தூக்குவார்கள்' என்பது அதன் கணக்கு. குழந்தையின் அறிவுக்கு எட்டிய அளவில் அது சரியான கணக்கே. அந்த நேரத்தில் விழுகிற அடி அதன் சந்தேகத்தை உறுதிப்படுத்திவிடுகிறது. அன்போடு விழுகிற ஒரு பார்வையோ சந்தேகத்தைத் தீர்த்துவிடுகிறது.

திருவிவிலியம் இதை நன்கு அறிந்திருக்கிறது. இரண்டு விருந்துகளை நம்முன் வைக்கிறது.

முதல் விருந்து தொடக்கநூல் 21-ஆம் அதிகாரத்தில் வருகிறது. நூறு வயதான ஆபிரகாமுக்கும் சாராவுக்கும் பிறந்த ஈசாக்கு பால்குடி மறந்த நாளில், தந்தை பெரியதொரு விருந்து வைக்கிறார். அந்த வீட்டில் ஆகார் பெற்ற இஸ்மயேல் என்ற மூத்த மகனும் இருந்தான். ஆபிரகாமுக்கு எண்பத்தாறு வயதானபோது பிறந்தவன். பதினான்கு ஆண்டுகள் அந்த வீட்டின் ஒரே பிள்ளையாக வளர்ந்தவன். விருந்தைப் பற்றிய செய்தியை அடுத்து நாம் வாசிப்பது, அந்த மூத்த பிள்ளையும் அவன் தாயும் அப்பமும் ஒரு தோற்பை தண்ணீருமாகப் பாலைவனத்துக்கு அனுப்பப்பட்டதைத்தான். தண்ணீர் தீர்ந்துபோனது. மகன் சாவதைக் காணச் சகியாமல் தாய் தள்ளிப்போய் உட்கார்ந்து அழுதாள். அப்போது கடவுள் அந்தச் சிறுவனின் குரலைக் கேட்டார், கிணற்றைக் காட்டினார் என்கிறது மறைநூல்.

இந்த இரு பிள்ளைகளின் பெயர்களுக்கும் பொருள் உண்டு. ஈசாக்கு என்றால் எபிரேய மொழியில் 'அவன் சிரிக்கிறான்'. இஸ்மயேல் என்றால் 'கடவுள் செவிசாய்க்கிறார்'. நம் வீடுகளிலும் இந்த இரண்டு பெயர்களும் இருக்கின்றன. சின்னது சிரிக்கிறது, எல்லாரும் பார்க்கிறார்கள். பெரியதன் குரலுக்குச் செவிசாய்க்க ஒருவர் வேண்டியிருக்கிறது. வீட்டில் யாரும் செவிசாய்க்காத நேரத்திலும் கடவுள் செவிசாய்த்தார் என்றால், அந்தப் பிள்ளையின் அழுகை கடவுள் மதிக்கிற அழுகை என்று பொருள்.

இரண்டாவது விருந்தை நாம் எல்லாரும் அறிவோம். லூக்கா நற்செய்தி 15-ஆம் அதிகாரத்தில், ஊதாரியாகப் போன இளைய மகன் திரும்பி வந்ததற்காக வைத்த விருந்து. கொழுத்த கன்று அடிக்கப்பட்டது. ஆடலும் பாடலும் கேட்டது. வயலிலிருந்து வந்த மூத்தவன் வாசலோடு நின்றுவிட்டான். உள்ளே வர மறுத்தான். தனக்கு ஓர் ஆட்டுக்குட்டிகூடக் கொடுக்கப்படவில்லையே என்ற கணக்கைச் சொன்னான். இந்த உவமையை நாம் இளையவன் கதையாகவே கேட்டுப் பழகிவிட்டோம். ஆனால் அந்தத் தந்தை அன்று இரண்டு முறை வெளியே வந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒருமுறை இளையவனைத் தழுவ ஓடினார். மறுமுறை, விருந்தினர்களை உள்ளே விட்டுவிட்டு, மூத்தவனைத் தேடி வாசலுக்கு வந்தார். "வெளியே நிற்கிறவன் நிற்கட்டும், பசித்தால் வருவான்" என்று சொல்லவில்லை. "பெரியவன் நீதான் புரிந்துகொள்ள வேண்டும்" என்று கண்டிக்கவும் இல்லை. கெஞ்சினார். நீ எப்போதும் என்னோடு இருப்பவன், என்னுடையதெல்லாம் உன்னுடையது என்ற பொருள்பட அவனுக்கு உறுதி சொன்னார்.

மூத்த பிள்ளைக்கு வேண்டியது அந்த உறுதிதான். அதை எப்படிக் கொடுப்பது?

முதலாவதாக, நேரம். தாய் பாலூட்டிக்கொண்டிருக்கையில் தந்தை அந்தப் பிள்ளையோடு இருக்கலாம். நாளொன்றுக்குப் பதினைந்து நிமிடம், கைப்பேசியை ஓரமாக வைத்துவிட்டு, அதோடு மட்டும். கடைக்குப் பால் வாங்கக் கைப்பிடித்துக் கூட்டிப்போவதும் போதும். குழந்தை தூங்கும் வேளையில் தாயும் ஒரு தடவை மூத்ததைத் தனியாக மடியில் போட்டுக்கொள்ளட்டும். தூளியைத் தாண்டி ஒரு மடி இன்னும் காலியாக இருக்கிறது என்று அதற்குத் தெரிய வேண்டும்.

இரண்டாவதாக, வேலை. எகிப்தில் எபிரேய ஆண் குழந்தைகளைக் கொல்ல ஆணையிட்ட காலத்தில், குழந்தை மோசேயைப் பேழையில் வைத்து நைல் ஆற்று நாணல்களுக்கு நடுவே விட்டபோது, அவனுடைய அக்காள் தூரத்தில் நின்று காவல் காத்தாள். பாரவோனின் மகள் குழந்தையை எடுத்ததும் ஓடிப்போய்ப் பேசி, சொந்தத் தாயையே பால் கொடுக்க அழைத்து வந்தாள். அந்தத் தாய்க்கு அதற்குக் கூலியும் தரப்பட்டதாக விடுதலைப் பயண நூல் சொல்கிறது. மூத்த பிள்ளைக்குச் சின்னப் பொறுப்பு கொடுத்தால், வந்த குழந்தை தன் இடத்தைப் பிடித்துக்கொண்டது என்ற எண்ணம் மாறி, 'இது என்னுடைய பாப்பா' என்ற எண்ணம் வரும். துணி எடுத்துக் கொடுப்பது, தூளியை மெல்ல ஆட்டுவது, மாலைச் செபத்தில் பாப்பாவின் நெற்றியில் சிலுவை வரைவது ஆகியவை மூன்று வயதுப் பிள்ளையும் செய்யக்கூடியவை. ஒரு எச்சரிக்கையும் சொல்லிவிடுகிறோம். மூத்தது பெண்ணாக இருந்தால், அவளைச் சின்ன ஆயாவாக்கிவிடும் பழக்கம் நம்மிடையே உண்டு. அவளும் குழந்தைதான். அவளுக்கு விளையாட்டும் படிப்பும் முதலில்.

மூன்றாவதாக, குழந்தை பார்க்கப் போகும் நாம் அனைவரும் கடைப்பிடிக்கக்கூடிய எளிய விதி: வாசலில் மூத்த பிள்ளையிடம் முதலில் பேசுங்கள். அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். பாப்பாவுக்குச் சட்டை வாங்கினால், மூத்ததற்கு ஒரு வண்ணப் பென்சில் பெட்டியாவது கொண்டுபோங்கள். "உன்ற பாப்பாவ எங்களுக்குக் காட்டறயா கண்ணு?" என்று கேட்டுப் பாருங்கள். கதவோரம் நின்ற பிள்ளையே உங்கள் கையைப் பிடித்துத் தூளிக்கு அழைத்துப் போகும்.

அப்படிப் போகிற வீட்டில் சொல்லவே கூடாத ஒரு கேள்வியும் இருக்கிறது: "இதுவும் பொட்டப்புள்ளையா?" பிறப்பது ஆணா பெண்ணா என்பது தந்தையிடமிருந்து வரும் உயிரணுவைப் பொறுத்தது என்று பள்ளிப் பாடமே சொல்கிறது. ஆனால் இந்தக் கேள்வியைச் சுமப்பவள் தாய். கூடவே, பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் மூத்த பெண்பிள்ளையும் 'நானும் வேண்டாதவள்தானோ' என்று கற்றுக்கொள்கிறாள். நம் அண்டைச் சேலத்தில்தான் 1992-இல் அரசு தொட்டில் குழந்தைத் திட்டத்தைத் தொடங்க வேண்டியிருந்தது. பெண் சிசுக்களைக் காப்பாற்ற அரசு தொட்டில் வைக்கும் நிலை வந்ததற்கு முன்னால், பல வீடுகளில் பல வாய்கள் இந்தக் கேள்வியைக் கேட்டிருந்தன. வாய்ச்சொல் சிறிது, அதன் விலை பெரிது.

இனி, தாயிடம் வருவோம்.

பிறந்த குழந்தை ஒரு நாளில் எட்டு முதல் பன்னிரண்டு தடவை பால் குடிக்கும். அப்படியானால் அந்தத் தாய்க்கு இரவிலும் சேர்ந்தாற்போல இரண்டு மூன்று மணி நேரத் தூக்கம் கிடைப்பதே அரிது. இரண்டாவது பிரசவம் என்றால், பகலில் குழந்தை தூங்கும்போது தானும் படுக்க முடியாது. மூத்தது சாப்பாடு கேட்கும், கதை கேட்கும். வந்து போகிறவர்கள் "பால் பத்துதா?" என்று கேட்பார்கள். முதல் ஆறு மாதத்துக்குத் தாய்ப்பால் மட்டுமே போதும், தண்ணீர்கூடத் தேவையில்லை என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. பால் நன்றாகச் சுரக்கத் தாய்க்கு வேண்டியது வயிறார உணவு, குழந்தை அடிக்கடி குடிப்பது, மன அமைதி. கேள்விகளால் பால் சுரப்பதில்லை.

பிரசவமான சில நாட்களில் காரணமில்லாமல் கண்ணீர் வருவது மிகப் பல தாய்மாருக்கு நேர்கிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அது தணிந்துவிடும். ஆனால் சிலருக்கு அது தணியாமல் தொடர்கிறது. குழந்தை தூங்கினாலும் தனக்குத் தூக்கம் வராது. சாப்பாடு இறங்காது. குழந்தையைப் பார்த்தால் ஆசை வராது, பயம் வரும். 'நான் நல்ல தாய் இல்லை' என்ற எண்ணம் விடாமல் சுற்றும். இது பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு நோய். பிள்ளை பெற்ற பெண்களில் உலக அளவில் ஏறத்தாழ 13 விழுக்காட்டினரும், வளரும் நாடுகளில் ஏறத்தாழ 20 விழுக்காட்டினரும் மனநலப் பாதிப்புக்கு, பெரும்பாலும் இந்த மனச்சோர்வுக்கு, உள்ளாகிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. ஐந்து தாய்மாரில் ஒருவர் என்றால், நம் கோவிலில் ஒரே வரிசையில் உட்கார்ந்திருக்கும் ஐவரில் ஒருவராகவும் அவர் இருக்கலாம்.

அப்படிப்பட்டவரைப் பார்த்து "செபம் பத்தல", "கண்ணு பட்டிருச்சு", "நாங்க எல்லாம் ஆறு பெக்கலயா?" என்று சொல்வதால் நோய் தீராது. அவர் வாய் மட்டும் மூடிக்கொள்ளும். காய்ச்சல் வந்தால் செபிக்கவும் செய்கிறோம், மருத்துவரிடமும் போகிறோம். இதற்கும் அப்படியே. மனத்துயரம் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். தன்னையோ குழந்தையையோ ஏதாவது செய்துகொள்ளும் எண்ணம் வந்தால் ஒரு மணி நேரமும் தாமதிக்கக் கூடாது. தாயைத் தனியே விடவும் கூடாது. நடுவண் அரசு 2022 அக்டோபரில் தொடங்கிய மனநல உதவி எண் 14416. இரவு பகல் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். இந்த எண்ணைக் கைப்பேசியில் பதிந்துகொள்ளுங்கள்.

களைத்துப்போன தாய் விசுவாசம் குறைந்தவள் அல்ல என்பதற்கு நம் திருச்சபையிலேயே சாட்சி உண்டு. குழந்தை இயேசுவின் புனித தெரேசாவின் தாய் செலி மார்த்தின் பிரான்சு நாட்டில் அலென்சோன் நகரில் சரிகைப் பின்னல் தொழில் நடத்தியவர். ஒன்பது பிள்ளைகள் பெற்று, நால்வரைச் சிறு வயதிலேயே அடக்கம் செய்தவர். கடைசிக் குழந்தையான தெரேசா 1873-இல் பிறந்தபோது அவரால் பால் கொடுக்க இயலவில்லை. கிராமத்துச் செவிலித்தாய் ஒருவரிடம் ஓராண்டுக்கு மேல் குழந்தையை ஒப்படைக்க வேண்டியிருந்தது. தம் களைப்பையும் கவலையையும் அவர் கடிதங்களில் மறைக்காமல் எழுதினார். அவருடைய கணவர் லூயி, கடிகாரத் தொழில் செய்துவந்தவர், 1870-இல் தம் கடையைக் கைமாற்றிவிட்டு மனைவியின் தொழிலுக்குத் தோள் கொடுத்தார். இந்தத் தம்பதியரைத் திருத்தந்தை பிரான்சிஸ் 2015 அக்டோபர் 18 அன்று புனிதர்களாக அறிவித்தார். பால் கொடுக்க இயலாத தாயும், மனைவிக்காகத் தன் தொழிலை விட்ட கணவரும் நம் பீடங்களில் இருக்கிறார்கள்.

நம் ஊர்க் கணவர்களுக்கு இது எளிதல்ல என்பதையும் நாம் அறிவோம். மில்லில் இரவு ஷிப்ட், திருப்பூரில் பனியன் கம்பெனி, இல்லையேல் நள்ளிரவுவரை கணினி. 2017-இல் வந்த சட்டத் திருத்தம் முதல் வேலைக்குப் போகும் தாய்க்கு முதல் இரு பிள்ளைகளுக்கு 26 வாரச் சம்பள விடுப்பு உண்டு. நடுவண் அரசு ஊழியரான தந்தைக்கு 15 நாள் உண்டு. தனியார் நிறுவனத் தந்தைக்கு அப்படியொரு சட்டம் இல்லை. ஆனால் இரவில் ஒருமுறை எழுந்து குழந்தையைத் தோளில் போட்டு ஏப்பம் விடவைப்பதற்கும், காலையில் மூத்ததைக் குளிப்பாட்டித் தலைசீவிப் பள்ளிக்கு அனுப்புவதற்கும் சட்டம் வேண்டியதில்லை. புனித சூசையப்பர் பேசிய ஒரு வார்த்தையும் நற்செய்தியில் இல்லை. ஆனால் நாற்பதாம் நாள் கோவிலுக்குக் குழந்தையோடு சென்ற தாயின் கூடவே அவர் இருந்தார். ஏழைகளுக்குரிய காணிக்கையான இரு புறாக்குஞ்சுகளே அவர்களால் இயன்றது. அவர் பேச்சைவிட அவர் உடனிருந்ததைத்தான் நற்செய்தி நமக்கு விட்டுச்சென்றிருக்கிறது.

இறுதியாக, பங்குச் சமூகமாகிய நம் கடமை. அன்னை மரியா எலிசபெத்தம்மாளைப் பார்க்கப் போனபோது வாழ்த்திவிட்டு அன்றே திரும்பவில்லை. ஏறத்தாழ மூன்று மாதம் தங்கினார். குழந்தை பார்க்கப் போவது என்பதற்கு மரியா தந்த பொருள் இதுவே. வேலைக்காகக் கோவை வந்து, அம்மாயியும் ஆத்தாவும் பக்கத்தில் இல்லாமல் வாடகை வீட்டில் பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் இன்று ஒவ்வொரு அன்பியத்திலும் இருக்கின்றன. அப்படிப்பட்ட வீட்டில் பிரசவமானால், அன்பியத்தில் ஏழு வீடுகள் ஆளுக்கு ஒரு நாள் மதியச் சாப்பாடு கொடுத்தால் ஒரு வாரம் ஓடிவிடும். ஒருவர் ஞாயிறு மறைக்கல்விக்கு மூத்த பிள்ளையைத் தம் பிள்ளைகளோடு அழைத்து வரலாம். இன்னொருவர் ஒரு மணி நேரம் குழந்தையை வைத்துக்கொண்டு, "போய்ப் படு கண்ணு" என்று தாயிடம் சொல்லலாம்.

திருப்பலியில் குழந்தை அழுதால் திரும்பிப் பார்த்து முறைக்காதீர்கள். 2014 சனவரியில் சிஸ்டைன் சிற்றாலயத்தில் குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளித்தபோது, பசித்த குழந்தைகளுக்கு அங்கேயே பால் கொடுக்கலாம் என்று தாய்மாரிடம் சொன்னவர் திருத்தந்தை பிரான்சிஸ். உங்கள் முறைப்புக்கு அஞ்சி ஒரு தாய் ஆறு மாதம் கோவிலுக்கு வராமல் போனால், நமக்குக் கிடைத்த அமைதிக்கு அவள் விலை கொடுத்தவளாகிறாள்.

எனவே அன்புக்குரியவர்களே, இந்த வாரம் உங்கள் தெருவில் புதுக் குழந்தை வந்த வீடு எது என்று பாருங்கள். குழந்தையைக் கொஞ்சப் பலர் இருப்பார்கள். நீங்கள் வாசலில் நிற்கும் மூத்த பிள்ளையிடம் போங்கள். அடுப்படியில் நிற்கும் தாயிடம் போங்கள். விருந்தை விட்டு வெளியே வந்த அந்தத் தந்தை உங்கள் காலால் நடப்பார்.

சிறுவன் இஸ்மயேலின் குரலுக்குச் செவிசாய்த்த இறைவன் நம் வீடுகளில் அழும் ஒவ்வொரு பிள்ளைக்கும் செவிசாய்ப்பாராக. பிள்ளை பெற்ற தாய்மாருக்கு உறக்கமும் உடல் நலமும் துணையும் தருவாராக. எல்லாம் வல்ல இறைவன், தந்தை, மகன், தூய ஆவியார், உங்கள் இல்லங்களையும் உங்கள் தூளிகளில் உறங்கும் குழந்தைகளையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.